ஹமார்த்தியா: குறை அல்ல, பிழை

அவலநாடகத்தில் நாயகனை வீழ்த்துவது எது என்பதைச் சொல்லும் கிரேக்கச் சொல் ‘ஹமார்த்தியா’. அதை ‘நாயகனின் குணக்குறை’ என்று பெயர்ப்பதுண்டு. அந்தப் பெயர்ப்பால் ஒரு திரைப்படத்தையே தப்பாகப் படிக்க நேரும்.

இதன் வேர் ‘ஹமார்த்தனெய்ன்’ என்ற கிரேக்க வினை. குறி தவறுதல் என்று பொருள். ஹோமரில் எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போகும்போது இந்த வினைதான் வரும். அரிஸ்டாட்டில் கவிதையியலின் 13ஆம் இயலில் இதை அவலநாடகத்துக்குக் கொண்டுவந்தார்: நாயகன் கயமையால் வீழ்வதில்லை, ஒரு ஹமார்த்தியாவால் வீழ்கிறான். சோபோக்கிளிஸின் கிரேக்க நாடகத்தில் ஈடிபஸ் முச்சந்தியில் கொன்றது தன் தகப்பனை என்று அவனுக்குத் தெரியாது. புதிய ஏற்பாட்டில் இதே சொல் ‘பாவம்’ என்ற பொருளில் வருகிறது. ஷேக்ஸ்பியர் திறனாய்வு வழியாகக் ‘குணக்குறை’யும் வந்து ஒட்டிக்கொண்டது.

1974இல் வந்த ‘சைனாடவுன்’ படத்தைப் பாருங்கள். ஈடிபஸ் ஆளும் தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். இங்கே லாஸ் ஏஞ்சலஸில் வறட்சி. துப்பறிவாளர் கிட்டிஸ் ஒரு கொலையை ஆராய்கிறார். குளத்தில் கிடைத்த மூக்குக்கண்ணாடியை இறந்தவருடையது என்று நம்பி, அவர் மனைவி ஈவ்லினையே கொலையாளி என்று முடிவுகட்டிப் போலீஸை அழைக்கிறார். அது உண்மைக் கொலையாளியான ஈவ்லினின் தகப்பன் கண்ணாடி. உண்மை தெரிந்தபின் அவளைத் தப்பவைக்க ஓடியும் பயனில்லை, அவள் சுடப்படுகிறாள். ராபர்ட் டவுன் முதலில் எழுதிய திரைக்கதையில் அவள் சாகவில்லை. முடிவை மாற்றியவர் இயக்குநர் போலன்ஸ்கி. சோபோக்கிளிஸுக்கு நெருக்கமானது மாற்றிய முடிவுதான். கிட்டிஸின் கர்வத்தையோ அவசரத்தையோ மட்டும் பேசினால் அந்தக் கண்ணாடி கைநழுவிவிடும். கதை திரும்புவதே அதில்தான்.

சோதிக்க ஒரு கேள்வி போதும்: உண்மை தெரிந்திருந்தால் நாயகன் இதைச் செய்திருப்பானா? ‘காட்ஃபாதர்’ படத்தின் மாஃபியா வாரிசு மைக்கேல் செய்திருப்பான். எல்லாம் தெரிந்தேதான் சுடுகிறான். அதற்கு ஹமார்த்தியா என்ற சொல் பொருந்தாது.

தமிழில் ‘பிழை’ என்பதே சரி. வள்ளுவர் ‘யானை பிழைத்தவேல்’ என்கிறார்: யானைமேல் எறிந்து குறி தவறிய வேல். ஹோமரின் ஈட்டியேதான். எழுத்துப்பிழை போல இலேசாக ஒலிக்கிறதே என்று தயங்க வேண்டாம். ‘அரைசியல் பிழைத்தோர்’, அதாவது அரசாட்சியில் தவறியோர், என்று இளங்கோ பாடியது இந்தச் சொல்லை வைத்துத்தான். சிலம்பு யாருடையது என்று ஆராயாமல் ஆணையிட்ட பாண்டியனும், கண்ணாடி யாருடையது என்று பாராத கிட்டிஸும் ஒரே இடத்தில்தான் பிழைத்தார்கள்.