ஆந்தோசயனின்: நீலம் என்று பெயர் பெற்ற பூச்சாயம்

ஆந்தோசயனின் என்பது பூ, பழம், இலை ஆகியவற்றுக்குச் செம்மை முதல் கருநீலம் வரை நிறம் தரும் நிறமித் தொகுதி. நீரில் கரைந்து, செல்லின் நுண்குமிழிச் சாற்றில் தங்கியிருக்கும். மலாயில் ஆந்தோசியானின் என்பர். தமிழில் பெரும்பாலும் ஒலிபெயர்த்தே எழுதுகிறோம்.

பினாங்குக்காரர்களுக்கு இது அடுப்படியிலேயே பழக்கமான பொருள். புலுட் தாய் தாய் என்னும் ஒட்டரிசிப் பலகாரத்தின் நீலம், பூங்கா தெலாங் எனப்படும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு. அந்தச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். அமிலம் கூடக் கூட நிறமியின் வடிவமும் நிறமும் மாறுவதே காரணம்.

சொல் பிறந்தது 1835இல். ஜெர்மானிய மருந்தியலாளர் லுட்விக் கிளாமோர் மார்க்குவார்ட், பூவைக் குறிக்கும் ‘ஆந்தோஸ்’, கருநீலத்தைக் குறிக்கும் ‘கியானோஸ்’ என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதை உருவாக்கினார். சயனைடு என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பிரஷ்ய நீலம் என்ற சாயத்தின் வழியாக வந்த பெயர். ஆந்தோசயனினுக்கும் அந்த நஞ்சுக்கும் எந்த உறவும் இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பெயரில் நீலம் இருந்தாலும் பொருளில் நீலம் மட்டும் இல்லை. 1913இல் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் கார்ன்ஃபிளவர் என்ற நீலப் பூவிலிருந்து சயனிடின் என்ற ஆந்தோசயனின் மூலக்கூறைப் பிரித்தெடுத்தார். சிவப்பு ரோஜாவிலும் அதே சயனிடின்தான் இருந்தது. தாவர நிறமி ஆய்வுகளுக்காக, குறிப்பாகப் பச்சையத்துக்காக, 1915இன் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆந்தோசயனின்களின் அடிப்படை மூலக்கூறுகளில் மூன்று முக்கியமானவை: பெலர்கோனிடின், சயனிடின், டெல்ஃபினிடின். மூலக்கூறின் ஒரு வளையத்தில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒன்று இருந்தால் பெலர்கோனிடின், இரண்டு இருந்தால் சயனிடின், மூன்று இருந்தால் டெல்ஃபினிடின். எண்ணிக்கை கூடக் கூட நிறம் செம்மையிலிருந்து நீலத்தை நோக்கி நகரும். கூடுதல் தொகுதிகளைச் சேர்ப்பவை நொதிகள். நொதிகளை ஆக்குபவை மரபணுக்கள். உறவுச் செடிகள் வெவ்வேறு நிறத்தில் பூப்பதன் ரகசியம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது.

பினாங்கின் தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி போன்ற கடலோரங்களில் மணலில் படரும் அடும்பை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் இதைத் தாப்பாக் கூடா என்கிறார்கள். வேலிகளில் ஏறும் மயில்மாணிக்கமும் இதே இப்போமியா பேரினம். அடும்பு இளஞ்சிவப்பு கலந்த ஊதா, மயில்மாணிக்கம் கடுஞ்சிவப்பு. இப்போமியாக்களில் நீலமும் ஊதாவும் பழைய நிறங்கள். சிவப்பு பின்னால் வந்தது. ரெபெக்கா சூஃபல், மார்க் ரௌஷர் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட மயில்மாணிக்கத்தில் இது எப்படி நடந்தது என்று காட்டியது. இரண்டாவது ஹைட்ராக்சிலைச் சேர்க்கும் நொதியின் மரபணு பூவில் சரிவர வேலை செய்வதில்லை. ஆகவே பெலர்கோனிடின் உருவாகிறது. ரீங்காரச்சிட்டுகளை ஈர்க்கும் சிவப்பு கிடைக்கிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அதற்கடுத்த கண்டுபிடிப்பு. நிறமி படிப்படியாக உருவாகும் அதே பாதையில் அடுத்து வரும் இன்னொரு நொதியும், சயனிடினுக்கான முன்பொருளைக் கையாளும் திறனை இழந்திருந்தது. முதல் மரபணுவைச் சரிசெய்தால் மட்டும் பழைய நிறம் மீளாது. பரிணாமம் தான் வந்த வழியைத் தானே அடைத்துவிடுகிறது.

தென் அமெரிக்கப் பெட்டூனியாக்களில் கதை வேறு. ஒரு சிற்றினம் ஊதா, தேனீக்களுக்கானது; அதன் உறவு வெள்ளை, இரவில் வரும் பருந்து அந்துப்பூச்சிகளுக்கானது. வெள்ளையில் பழுதாகிக் கிடப்பது, நிறமி மரபணுக்களை இயக்கும் ஏஎன்2 என்ற கட்டுப்பாட்டு மரபணு. அது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தனித்தனியாகப் பழுதாகியிருக்கிறது. பழுதில்லாத ஏஎன்2ஐ வெள்ளைச் செடிக்குள் செலுத்தியபோது இதழ் இளஞ்சிவப்பானது. வண்டுத்தேனீக்கள் அதை நாடின.

நம்மவர்கள் இந்த நிற வேறுபாட்டைப் பெயரிலேயே குறித்தவர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் ‘செருவிளை மணிப்பூங் கருவிளை’ என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். முன்னதை உரைகாரர் வெண்காக்கணம், அதாவது வெள்ளைச் சங்குப்பூ, என்பர். பின்னது நீலமணி போன்ற பூவுடைய சங்குப்பூ. வெண்மைக்கும் நீலத்துக்கும் தனிப்பெயர், ‘விளை’ என்ற பகுதியோ பொது. வெள்ளைச் சங்குப்பூவின் இதழில் ஆந்தோசயனின் கிடையாது. நிறமற்ற ஃபிளவனால்கள் மட்டும் உண்டு.

இனி ஆந்தோசயனினுக்கான தமிழ் நேர்ச்சொல். ‘பூநீலம்’ என்று கிரேக்கத்தை அப்படியே மொழிபெயர்ப்பது செம்பருத்தியின் சிவப்புக்குப் பொருந்தாது. ‘மலர்நிறமி’ மிக அகலமானது. துலுக்கச் சாமந்தியின் மஞ்சளுக்கும் அது பெயராகிவிடும். அந்த மஞ்சள் கரோட்டினாய்டு, நீரில் கரையாதது. நீரில் இறங்கும் நிறத்துக்குத் தமிழில் சாயம் என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. ஆகவே பூச்சாயம் என்பதே என் தெரிவு. பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் உள்ள பீட்டாலைன் என்ற நிறமியும் நீரில் கரையும்தான். ஆனால் ஆந்தோசயனினும் பீட்டாலைனும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை. பீட்டாலைனுக்குப் பீட்சாயம் என்று தனிப்பெயர் வைத்துவிடலாம். சயனிடின், டெல்ஃபினிடின் போன்ற மூலக்கூற்றுப் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.