போல்ட் போட்டால் தலைப்பு ஆகிவிடுமா?

"எழுத்தைப் பெரிசாக்கி போல்ட் போட்டாலே தலைப்பு மாதிரி தெரியுதே, அப்புறம் எச்2 எதுக்கு?" என்று வெப் டிசைன் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தைக் காதால் கேட்பவருக்கு அப்படி இல்லை.

வெப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில், எது என்ன என்று குறிக்கும் அடையாளங்களுக்கு டேக் என்று பெயர். அடிப்படை டேக்குகள் உங்களுக்குத் தெரிந்ததுதான். எச்1 முதல் எச்6 வரை ஆறு நிலைத் தலைப்புகள், புள்ளி வைத்த பட்டியலுக்கு யூஎல், எண் போட்டதற்கு ஓஎல், உள்ளே ஒவ்வொரு வரிக்கும் எல்ஐ. 1991-ல், வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் டேக் விவரத்திலேயே தலைப்பும் பட்டியலும் இருந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. பிரௌசர் நீங்கள் எழுதிய எச்டிஎம்எல்லைப் படித்து, எதற்குள் எது இருக்கிறது என்று ஒரு மரமாக அடுக்குகிறது. அந்த மரத்திலிருந்து, நிறம் அளவு எல்லாவற்றையும் உதறிவிட்டு, 'இது இரண்டாம் நிலைத் தலைப்பு', 'இது பட்டியல்', 'இது ஆறில் மூன்றாவது' என்று பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு மரம் கட்டுகிறது. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவது மரத்தைத்தான். வெறும் போல்ட் எழுத்து அதில் சாதாரணப் பத்தியாகத்தான் நிற்கும்.

பார்வையில்லாத நண்பர் ஒருவர் உதவித்தொகை அறிவிப்பு ஒன்றில் கடைசி தேதியைத் தேடியபோது பக்கத்தில் இருந்தேன். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர். அதில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், எல் தட்டினால் அடுத்த பட்டியலுக்கு. அவர் எச் தட்டியதும் 'அடுத்த தலைப்பு இல்லை' என்றது. தகுதி, ஆவணங்கள், கடைசி தேதி எல்லாமே வெறும் போல்ட். கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி வரி வரியாகக் கேட்டுக்கொண்டே போனார். பக்கத்தைச் சேமித்து, அந்த மூன்று வரியையும் எச்2 ஆக்கி, முன்னால் சிறு கோடு போட்டு எழுதியிருந்த ஆவணங்களை யூஎல்லுக்குள் வைத்துக் கொடுத்தேன். மூன்றே தட்டு, தேதி வந்துவிட்டது. திரும்பிப் போய் எல் தட்டினார். ஆறு உருப்படிகள் கொண்ட பட்டியல் என்று முதலிலேயே சொன்னது, எத்தனை சான்றிதழ் எடுத்து வைக்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டார்.

இந்த என்விடிஏவை 2006-ல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய மைக்கேல் கர்ரனும், அவரோடு சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவர்கள். மென்பொருள் இலவசம், முக்கியமாக நன்கொடையும் மானியமும் அதைத் தாங்குகின்றன. அதில் தமிழை இயல்பாக வாசிக்கும் கணினிக் குரல்களுக்கு நம் அரசுகள் தாராளமாக ஆய்வுப் பணம் ஒதுக்க வேண்டும் என்று எனக்கு உறுதியான எண்ணம் உண்டு.

தம்பிக்கு இன்னும் ஒன்று. எழுத்தின் அளவுக்காக எச்4 எடுக்காதீர்கள், அளவைத் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளலாம். சிஎஸ்எஸ்ஸில் பட்டியலின் புள்ளிகளை எடுத்துவிட்டால் ஆப்பிளின் சஃபாரி பிரௌசர் பல இடங்களில் அதைப் பட்டியலாகவே சொல்லாது. யூஎல்லில் ரோல் என்ற பண்புக்கு லிஸ்ட் என்று மதிப்புக் கொடுத்தால் திரும்பச் சொல்லும்.