மூன்றடி போதும்: சின்ன முன்தோட்டத்துக்கு ‘வைஃப் ஆஃப் பாத்’ ரோஜா

வடமேற்கு லண்டனில் ஹாரோ பக்கம் ஒரு வீடு. வாசற்கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே எட்டடி முன்தோட்டம். அதில் பெரும்பகுதி சிமெண்ட். மிச்சமிருந்த இரண்டரையடி மண்ணில் ஒரு ரோஜா நின்றது. சன்னலைத் தாண்டி மாடியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதன் கிளை ஒன்று தபால்காரர் வரும் வழியில் முள்ளோடு நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்தவர், எழுபதைத் தாண்டியவர். “தம்பி, வருசத்துக்கு மூண்டு தரம் வெட்டுறன். வெட்ட வெட்ட இன்னும் உயரமாப் போகுது. பூவெல்லாம் எனக்கு எட்டாத இடத்தில பூக்குது” என்றார்.

அது ‘கிரஹாம் தாமஸ்’. மஞ்சள் ரோஜாக்களில் பெயர் பெற்றது. 1983ல் செல்சி மலர்க்காட்சியில் அறிமுகமாகி, ஆங்கில ரோஜா என்ற வகையையே உலகம் திரும்பிப் பார்க்க வைத்த செடி. திறந்த வெளியில் நான்கைந்து அடிப் புதராக நிற்கும். வெயில் படும் சுவரோரம் வைத்தால் கொடிபோல எட்டடி, பத்தடி ஏறிவிடும். குற்றம் செடியிடம் இல்லை, அன்ரியிடமும் இல்லை. இரண்டரையடிப் பாத்திக்கு அதைத் தேர்ந்தெடுத்ததுதான் பிழை.

லண்டனில் தோட்ட வேலை செய்யும் எனக்கு ரோஜா விஷயமாக வரும் அழைப்புகளில் நோயைவிட அளவுப் பிரச்சினையே அதிகம். பூவின் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் உயரத்தையும் அகலத்தையும் யாரும் படிப்பதில்லை. பிறகு ஆண்டு முழுக்கக் கத்தரிக்கோலோடு சண்டை. ரோஜா புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். கோடை நடுவில் உயரத்தைக் குறைக்க வெட்டினால் வரப்போகும் பூக்களைத்தான் வெட்டுகிறோம். அடுத்த பூவுக்கு ஆறேழு வாரம் காத்திருக்க வேண்டும். வேகமாக வளரும் இனமோ, வெட்டிய இடத்திலிருந்து இன்னும் நீளமான கம்பைத்தான் அனுப்பும். பெரிய செடியை வெட்டி வெட்டிச் சின்னச் செடியாக்க முடியாது. முதலிலேயே சின்ன இனத்தை வைக்க வேண்டும்.

அன்ரிக்கு நான் சொன்னது ‘வைஃப் ஆஃப் பாத்’. மூன்றடி உயரம், இரண்டடி அகலம். அவர் கேள்விப்பட்டதில்லை. ரோஜா வளர்க்கும் ஆங்கிலேயர் பலரும் இன்று கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கடைக்குப் போகும் முன் பாத்தியின் நான்கு மூலையில் மூங்கில் குச்சி ஊன்றி, மூன்றடி உயரத்தில் சணல் கயிறு கட்டினேன். அன்ரியைச் சன்னலுக்குள் நின்று பார்க்கச் சொன்னேன். கயிறு சன்னல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. “உவ்வளவுதானோ வரும்? அப்ப ரோட்டும் தெரியும், பூவும் தெரியும்” என்றார். எந்தச் செடி வாங்குவதற்கும் முன் இந்தக் குச்சி வேலையைச் செய்துபாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும், பத்து வருடத் தொல்லை மிச்சம்.

இந்த ரோஜாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் குணங்கள் எல்லாம் அந்தக் கதையில்தான் இருக்கின்றன. ஷ்ராப்ஷயரில் ஆல்பிரைட்டன் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தவர் டேவிட் ஆஸ்டின் (1926–2018). பழங்கால ரோஜாக்களின் இதழடுக்கும் மணமும் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால் அவற்றில் பல கோடையில் ஒரே ஒரு முறை பூத்து ஓய்ந்துவிடும். நவீன ரோஜாக்கள் திரும்பத் திரும்பப் பூக்கும், ஆனால் அந்த வடிவமும் மணமும் அவற்றில் குறைவு. இரண்டையும் ஒரே செடியில் சேர்க்கப் பார்த்தார். 1961ல் வந்த அவருடைய முதல் ரோஜா ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ அழகானது, ஆனால் அதுவும் ஒரு முறைதான் பூத்தது. அதைத் திரும்பப் பூக்கும் ரோஜாக்களோடு மறுபடி மறுபடி கலந்தார். 1969ல், தன் ரோஜாப் பண்ணையைத் தொடங்கிய அதே ஆண்டில், கோடை முழுதும் விட்டுவிட்டுப் பூக்கும் முதல் வரிசை ரோஜாக்களை வெளியிட்டார். ஆங்கில ரோஜா என்பது இந்த வகைதான். அதில் ஒன்றுதான் ‘வைஃப் ஆஃப் பாத்’. பெயர் ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய கான்டர்பரிக் கதைகளில் வரும் ஒரு பெண்ணுடையது. ஐந்து முறை மணந்தவள், யாருக்கும் அடங்காத வாய்க்காரி. பார்க்க மெல்லிசான இந்தச் செடிக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பது வளர்த்துப் பார்த்தால் தெரியும்.

பூ சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கும். கிண்ணம் போல உள்வளைந்து நிற்கும். நடுவில் நல்ல ரோஸ் நிறம், ஓரம் போகப் போக வெளிறும். மெல்லிய கம்புகள் நிறைய, கிளைத்துக் கிளைத்துப் புதராகும்.

மணம்தான் இதில் விசேஷம். ஆங்கிலத்தில் இதை ‘மிர்’ மணம் என்பார்கள். மிர் என்றால் வெள்ளைப்போளம், பைபிளில் ஞானிகள் கொண்டுவந்த பிசின். ஆனால் முகர்ந்து பார்க்கும் நம் ஆட்களுக்கு வெள்ளைப்போளம் நினைவுக்கு வராது. முதல் பூ விரிந்த காலை அன்ரி குனிந்து முகர்ந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். “தம்பி, இது பெருஞ்சீரகமெல்லோ!” என்றார். அதேதான். தமிழ்நாட்டில் சோம்பு என்போமே, அந்த இனிப்புக் காரம். ரோஜாவில் அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பன்னீர் ரோஜா மணத்தை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். முடிந்தால் ஜூன் மாதத்தில் ஏதாவது ரோஜாத் தோட்டத்துக்குப் போய் மிர் மணமுள்ள ரோஜா ஒன்றை முகர்ந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது பழைய இனம். நோய் எதிர்ப்பில் இன்றைய புதிய ஆங்கில ரோஜாக்கள் இதைவிடப் பல படி மேல். ஈரமான ஆண்டில் இலையில் கரும்புள்ளி என்ற பூஞ்சை நோய் வரும். நுனியிலிருந்து கம்பு காய்ந்துகொண்டு வருவதும் உண்டு. ஒரு பிப்ரவரியில் அன்ரி வீட்டுச் செடியில் பாதி பழுப்பாகிக் கிடந்தது. பச்சைத் தண்டு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டேன், செடியில் ஒரு சாண்தான் மிஞ்சியது. மே மாதத்தில் அடியிலிருந்து ஏழெட்டுத் தளிர் கிளம்பியது. காய்ந்த கம்பைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

வாங்குவது பற்றி. பெரிய தோட்டக் கடைகளில் இது கிடைப்பது அரிது. பழைய இனங்களை வைத்திருக்கும் சிறு ரோஜாப் பண்ணைகளில்தான் தேட வேண்டும். அவர்களும் கொஞ்சமாகத்தான் ஒட்டுக்கட்டுவார்கள் என்பதால் கோடை முடிவதற்குள் சொல்லிவைப்பது நல்லது. தொட்டிச் செடியைவிட வெற்றுவேர்ச் செடியையே சிபாரிசு செய்வேன். நவம்பர் முதல் மார்ச் வரை, இலையுதிர்ந்து உறங்கும் செடியை மண்ணில்லாமல் வெறும் வேரோடு அனுப்புவார்கள். பார்க்க விறகுக் குச்சி போல இருக்கும். பயப்பட வேண்டாம். விலை குறைவு, வேர் சுருளாமல் இருக்கும், நம் மண்ணிலேயே புதுவேர் விடும். வந்தவுடன் வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் வேரை ஊறவையுங்கள்.

லண்டன் மண் களிமண். மழைக்காலத்தில் பசை, கோடையில் வெடிப்பு. ரோஜாவுக்குக் களிமண் பிடிக்கும், தண்ணீர் தேங்குவது பிடிக்காது. குழியை ஆழமாக வெட்டுவதைவிட அகலமாக வெட்டுங்கள். அடி மண்ணைக் கடப்பாரையால் குத்தி இளக்குங்கள். மண்வெட்டி உராய்ந்து மெழுகினாற்போல ஆன பக்கச் சுவரைக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் குழியே தொட்டியாகி வேர் அதற்குள்ளேயே சுற்றும். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். களிமண்ணில் அந்தக் கல்லிடுக்கிலேயே தண்ணீர் தேங்கும். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே போகும்படி நடுங்கள். காற்றில் ஆடாமல் நிற்கும், குளிரிலும் முடிச்சு பத்திரம்.

அன்ரி வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. ரோஜா இருந்த இடத்திலேயே ரோஜா வைத்தால் புதுச் செடி சோர்ந்து வளராமல் நிற்பது பலமுறை கண்டது. இங்கே இதை ரோஜா மண் நோய் என்பார்கள். பாத்தியோ ஒன்றுதான், வேறு இடம் இல்லை. பழைய வேர்களைத் தோண்டி எடுத்து, ஒன்றரை அடி ஆழத்துக்கும் அதே அகலத்துக்கும் மண்ணை அள்ளிப் பின்தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். காய்கறி போட்டிருந்த அங்கத்து மண்ணை முன்னால் கொண்டுவந்து நிரப்பினேன். அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் நட்டு, இரண்டு வருடம் உரம் போட்டு ஏங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உரம் பெரிய விஷயமில்லை. மார்ச்சில் ஒரு முறை, முதல் பூ முடிந்ததும் ஒரு முறை ரோஜா உரம் போதும். மூடாக்குத்தான் முக்கியம். நன்கு மட்கிய தொழு உரத்தை இரண்டங்குல கனத்துக்குப் பரப்புங்கள், தண்டில் படாமல். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்து முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அந்த வாரம் நான் பார்க்கும் தோட்டங்களில் தொட்டி ரோஜாக்கள் கருகின. மூடாக்குப் போட்ட களிமண்ணில் நின்றவை இதழ் வாடி, இலை பிழைத்தன. நட்ட முதல் கோடையில் தினம் தெளிப்பதைவிட வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் அரை வாளி, அடியில் ஊற்றுங்கள். தொட்டியில்தான் வைக்க வேண்டுமென்றால் ஒன்றரை அடிக்குக் குறைந்த தொட்டி வேண்டாம்.

கவாத்தில்தான் பலர் இந்தச் சின்ன இனத்தைக் கெடுக்கிறார்கள். பெரிய ரோஜாவைப் போல அடியோடு வெட்டினால் இது வளர்ந்து வரவே பாதிக் கோடை போய்விடும். பிப்ரவரி கடைசியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறையுங்கள். செத்தது, குறுக்கே உரசுவது, பென்சிலைவிட மெலிந்து துவள்வது ஆகியவற்றை எடுங்கள். அதற்கு மேல் கை வைக்காதீர்கள். கோடையில் வாடிய பூவைக் கிள்ளுவதுதான் வேலை.

கரும்புள்ளி விஷயத்தில் ஒரு பழைய செய்தி. தொழிற்சாலைப் புகை நிறைந்த நகரங்களில் காற்றிலிருந்த கந்தகமே பூஞ்சையை அடக்கி வைத்திருந்தது. 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்து, நிலக்கரிப் புகை குறையக் குறைய, கரும்புள்ளி நகரங்களிலும் பரவியது. நம் நுரையீரலுக்கு நல்லது, ரோஜாவுக்குக் கூடுதல் கவனிப்பு. பூஞ்சை உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கடத்தி, வசந்த மழையில் தெறித்து மேலே ஏறும். ஆகவே இலையுதிர்காலத்தில் உதிர்ந்ததை ஒன்று விடாமல் பொறுக்கி உணவுக் கழிவுத் தொட்டியில் அல்ல, தோட்டக் கழிவுத் தொட்டியில் போடுங்கள். வீட்டு உரக்குழியிலும் வேண்டாம். அசுவினிப் பூச்சிக்கு மருந்தடிக்கவே வேண்டாம். விரலால் துடைத்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்தால் பொறிவண்டும் நீலச்சிட்டும் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அடியிலிருந்து வரும் தளிர் எல்லாம் நல்ல தளிர் இல்லை. ஒட்டுக்கட்டிய அடிச்செடியிலிருந்தும் கிளம்பும். ஏழிலை இருந்தால் காட்டுத் தளிர், ஐந்திலை இருந்தால் நல்ல தளிர் என்பார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள், ஆங்கில ரோஜாக்களிலும் ஏழிலை வரும். மண்ணை விலக்கி, முடிச்சுக்கு மேலா கீழா என்று பாருங்கள். கீழே என்றால் கத்தரிக்காமல் கையுறை போட்டுப் பிய்த்தெடுங்கள். கத்தரித்தால் அங்கேயே இன்னும் நாலு முளைக்கும்.

1969ல் வந்த இனம் என்பதால், உருவாக்கியவருக்கு இதில் உரிமை இருந்திருந்தாலும் அந்தக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். யாரும் குச்சி எடுத்து வளர்க்கலாம். கடைகளில் அருகிவரும் ஒரு செடி தெருவில் நிலைக்க அதுதான் வழி. அக்டோபரில், அந்த ஆண்டு வளர்ந்த பென்சில் கன கம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நிழல் ஓரத்தில் ஊன்றி, ஒரு வருடம் மறந்துவிடுங்கள். அன்ரி வீட்டில் ஆறு குச்சி ஊன்றினோம். இரண்டு வேர் பிடித்தது. ஒன்றை அவர் எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். மற்றது இப்போது பேர்மிங்ஹாமில் மகள் வீட்டு வாசலில், முழங்கால் உயரத்தில் நிற்கிறது.