ஆறாவது முட்டை

எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் தம்பி ஒருவர், பயிற்சி முடிந்ததும் டப்பாவைத் திறந்து அவித்த முட்டை ஐந்தைச் சாப்பிடுவார். ஆறாவதை நீட்டினால் கையைத் தள்ளிவிடுவார். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், ஐந்தில் 30. "அதற்கு மேல் உடம்பு ஏற்காது அண்ணா, வீண்தான்."

குடல் அப்படி அளவு பார்த்துக் கதவைச் சாத்துவதில்லை. இரைப்பை உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே அனுப்புகிறது. சிறுகுடல் புரதத்தை அமினோ அமிலங்களாகவும், அவை இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளாகவும் அறுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நிறையச் சாப்பிட்டால் வேலை முடிய நேரமாகும், அவ்வளவே. சமைத்தோமா இல்லையா என்பதுதான் பெரிய விஷயம்: 1998-இல் பெல்ஜியத்தில் அளந்தபோது சமைத்த முட்டையின் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51தான். முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்ளும் பயில்வான்கள் கவனிக்க.

பிறகு இந்த வரம்பு எங்கிருந்து வந்தது? உறிஞ்சுவது வேறு, தசை கட்டுவது வேறு. 2009-இல் கனடாவில் ஆறு இளைஞர்களைக் காலுக்குப் பயிற்சி செய்ய வைத்து, வெவ்வேறு நாட்களில் 0 முதல் 40 கிராம் வரை முட்டைப் புரதம் கொடுத்தார்கள். தசைப் புரதம் உருவாகும் வேகம் 20 கிராமோடு நின்றது. 40 கொடுத்தபோது புரதம் உடலுக்கு எரிபொருளாகக் கூடுதலாக எரிந்ததுதான் மிச்சம். ஆனால் அவர்கள் பார்த்தது 4 மணி நேரம் மட்டுமே. சாம்பாரோடு பந்தியிலிருந்து எழுந்து போனவர் பாயசமே போடவில்லை என்று சொன்ன கதைதான்.

2023-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தினர் 12 மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள். அவர்கள் செய்த ஏற்பாடு அழகானது. அடையாளமிட்ட அமினோ அமிலத்தைப் பசுவுக்குச் செலுத்தி, பாலின் புரதத்திலேயே அந்த அடையாளம் ஏறும்படி செய்தார்கள். அந்தப் புரதத்தைக் குடித்தவர்களின் தொடையிலிருந்து துளித் தசை எடுத்துப் பார்த்தால், குடித்த பால் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். 25 கிராம் குடித்தவர்களைவிட 100 கிராம் குடித்தவர்களின் உடலில் தசைப் புரதம் கூடுதலாகவும், நெடுநேரமும் உருவாகிக்கொண்டிருந்தது. எரிந்துபோன பங்கு சொற்பம்.

இதைக் கேட்டு ஒரே மூச்சில் 100 கிராம் விழுங்கவும் வேண்டாம். நான்கு மடங்கு குடித்ததற்கு நான்கு மடங்கு தசை வரவில்லை. ஒரு நாளின் மொத்தக் கணக்குதான் பெரிது. 49 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் பார்த்தபோது, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமைத் தாண்டியபின் கூடுதல் பலன் தென்படவில்லை. 60 கிலோ தம்பிக்கு அது 96 கிராம். அதை மூன்று வேளையில் சாப்பிட்டாலும் சரி, ஐந்து வேளையில் சாப்பிட்டாலும் சரி.