மடத்துல இருந்தவங்களுக்கு மட்டும் ஏன் பிபி ஏறல?

இத்தாலில உம்ப்ரியான்னு ஒரு பகுதி. அங்க வெளியுலகத் தொடர்பே இல்லாம, பெரும்பாலும் மௌனமாவே வாழ்ற கன்னியாஸ்திரிகள் 144 பேர், அதே பக்கத்துல வீடு, வேலை, புள்ளகுட்டின்னு இருக்குற சாதாரண பொம்பளைங்க 138 பேர், இவங்க எல்லாருக்கும் டாக்டர்கள் வருஷக்கணக்கா விடாம பிபி பாத்துட்டே வந்தாங்க. 20 வருஷ ரிசல்ட் 1988ல வந்துச்சு, அதோட விடாம 30 வருஷம் வரைக்கும் இழுத்தாங்க. ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பிபிதான். வயசு ஏற ஏற வெளில இருந்தவங்களுக்கு ஊர்ல எல்லாருக்கும் ஏறுற மாதிரியே ஏறுச்சு, மடத்துல ஏறவே இல்ல. கடைசில மேல் நம்பர்ல மட்டும் 30க்கு மேல வித்தியாசம்!

உப்பு கம்மியா தின்னிருப்பாங்கன்னு நமக்கு உடனே தோணும். யூரின் டெஸ்ட்ல அதையும் பாத்துட்டாங்க, ரெண்டு பக்கமும் உப்பு ஒண்ணுதான். வெயிட்டும் ரெண்டு பக்கமும்தான் ஏறிருக்கு.

சரி, ஸ்ட்ரெஸ் எப்படி பிபிய ஏத்துது? ராத்திரி பைக்ல வரும்போது தெருநாய் துரத்துதுன்னு வைங்க. மூளை நரம்பு வழியா ஒரு சிக்னல் விடும், கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்க அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்துல கொட்டும், இதயம் வேகமா அடிக்கும், தோல், குடல் பக்கம் போற சின்ன ரத்தக்குழாய்லாம் இறுகும். மோட்டார் ஸ்பீட கூட்டிட்டு ஓஸ் பைப்பையும் அமுக்கிப் புடிச்சா எப்படி, அதேதான், பிரஷர் எகிறும். கடிபட்டா நிக்கட்டும்னு ரத்தம் சீக்கிரம் உறையக்கூட ரெடியாயிரும். வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க உடலியல் விஞ்ஞானி 1915லயே எழுதி வச்ச விஷயம் இது. நாய் போயிருச்சுன்னா கொஞ்ச நேரத்துல எல்லாம் இறங்கிரும், இதுல ஒரு கெடுதலும் இல்ல.

ஆனா ஈஎம்ஐ துரத்துனா? அது இருபது வருஷம் துரத்தும். ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் வாட்ஸ்அப் வந்தாலும் உடம்பு அதே நாய் மெஷினைத்தான் ஆன் பண்ணும், வேற மெஷின் கிடையாது.

இது ஓயாம நடந்தா கிட்னியும் உள்ள வந்துரும். அந்த நரம்பு கிட்னிக்கும் போகுது, அது ரெனின்னு ஒண்ண விடும், அதுல ஆரம்பிச்ச சங்கிலி கடைசில உப்பையும் தண்ணியையும் உடம்புலயே புடிச்சு வச்சுக்க வைக்கும். ரத்தக்குழாய் சுவர் மெல்ல தடிச்சுப் போகும். எனக்கு இதுல ரொம்ப பயமான விஷயம் கழுத்து ரத்தக்குழாய்ல இருக்குற பிரஷர் சென்சார்தான், நாள்பட்ட உயரத்தையே அது நார்மல்னு எடுத்துக்கும், அப்புறம் யாரு இறக்குறது? சாதாரணமா தூக்கத்துல பிபி 10ல இருந்து 20 சதவீதம் வரை இறங்கணும், தூக்கம் கெட்டா அந்த ரெஸ்ட்டும் போச்சு.

ஸ்ட்ரெஸ்ல அட்ரினல் சுரப்பி விடுற இன்னொரு ஹார்மோன் கார்டிசால், அது தனிக் கதை. சுகரை ஏத்தும், தொப்பைல கொழுப்பு சேக்கும், எதிர்ப்பு சக்திய அமுக்கும். அமெரிக்காவுல ஓஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டில 1995ல, மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள வருஷக்கணக்கா பாத்துக்கிட்ட பொம்பளைங்க கைல ஒரு குட்டிக் காயம் பண்ணிப் பாத்தாங்க, அது ஆற மத்தவங்கள விட சராசரியா 9 நாள் கூட ஆச்சு.

மடத்துக் கதைய வச்சு எல்லாம் ஸ்ட்ரெஸ்தான்னு அடிச்சு சொல்லிட முடியாது, அவங்க வாழ்க்கைல வித்தியாசம் ஒண்ணா ரெண்டா. அதுவுமில்லாம டென்ஷன்ல நம்ம ஆளுங்க சிகரெட், மிக்சர் பாக்கெட்டுன்னு போறதும் பிபில சேரும்.

இன்னொண்ணு, ஆஸ்பத்திரில பட்டைய கட்டுனதுமே சிலருக்கு ஏறும், எனக்கு அங்க 150, வீட்ல 126. அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, கைய நெஞ்சு உயரத்துல வச்சு பாக்கணும். பேசுனாலே நம்பர் ஏறும்ங்க, அதனால நடுவுல நர்ஸ் என்ன கேட்டாலும் பட்டைய அவுத்தப்புறம் பதில் சொல்லுங்க.