தகைமை மீட்பு: முழங்காலுக்கு எதற்குப் ‘புனர்வாழ்வு’?

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டை என்னிடம் நீட்டியபோது அக்காவின் கை நடுங்கியது. “தம்பி, இவன என்னத்துக்குப் புனர்வாழ்வுக்கு அனுப்புற?” என்று கேட்டார். மகனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து நான்கு நாள். வீட்டுக்கு விடும்போது அடுத்து வரவேண்டிய இடத்தை ‘புனர்வாழ்வுப் பிரிவு’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். போர் முடிந்த பிறகு எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் ஓராண்டுக்கு மேல் முகாமில் ‘புனர்வாழ்வு’ பெற்றுத் திரும்பியவன். மட்டக்களப்பில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முள்வேலிதான் கண்முன் வரும். போதைக்கு அடிமையானவர்களை அனுப்பும் இடத்துக்கும் அதே பெயர். 2023இல் வந்த சட்டத்துக்கும் அதே பெயர்தான். பந்தடித்த பிள்ளையின் காலுக்கு இந்தச் சொல் எதற்கு?

மருமகனுக்கு நடந்தது இதுதான். மைதானத்தில் வேகமாக ஓடிவந்தவன் சட்டென்று கிறுகினான். பாதம் நிலத்தில் ஊன்றியபடி நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கும் அது கேட்டதாம். ஊரில் சிலர் ‘சவ்வு கிழிஞ்சிட்டு’ என்றார்கள், சிலர் ‘நரம்பு அறுந்திட்டு’ என்றார்கள். இரண்டுமே சரியில்லை. சவ்வு என்பது மெல்லிய படலம், நரம்பு உணர்ச்சியைக் கடத்துவது. அறுந்தது லிகமென்ட். கட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. எலும்பை எலும்போடு கட்டி நிற்கும் நார் என்பதால் ‘இணைநார்’ என்றால் போதும். ‘தசைநார்’ என்று எழுதினால் தசையோடு குழம்பிவிடும். முழங்காலின் நடுவில் இரண்டு இணைநார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கிடக்கின்றன. முன்னாலுள்ளது அறுந்தால், தொடையிலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள்.

இனி அந்தத் துண்டில் இருந்த சொல்லுக்கு வருவோம். வைத்தியர்கள் வாயில் அது ‘ரிஹாப்’, முழுப்பெயர் ‘ரீஹபிலிடேஷன்’. ஹபிலிஸ் என்ற லத்தீன் சொல்லுக்குத் தக்க, ஏற்ற, கைக்கு அடங்கிய என்று பொருள். அதன் வேர் ‘கொள்ளுதல், பிடித்தல்’ என்ற வினை. முன்னால் நிற்கும் ‘ரீ’ திரும்பவும் என்பதைக் குறிக்கும். முதலில் இது சட்டத்தில் புழங்கிய சொல். பதவியும் உரிமையும் இழந்தவருக்கு அவற்றைத் திருப்பிக் கொடுப்பதை அப்படிச் சொன்னார்கள். முதலாம் உலகப் போரில் காயப்பட்டு வந்த படைவீரர்களைத் திரும்பவும் தொழிலுக்குத் தக்கவர்களாக ஆக்கும் வேலை பெருகியபோது, அது மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. ஆக, மூலச்சொல்லின் நடுவில் வாழ்வு இல்லை, தகுதிதான் இருக்கிறது.

‘புனர்’ வடமொழி. புனர்ஜென்மம், கோயிலுக்குப் புனருத்தாரணம், நட்சத்திரத்தில் புனர்பூசம் என்று நமக்குப் பழகியதுதான். அதோடு தமிழ் ‘வாழ்வு’ சேர்ந்து புனர்வாழ்வு பிறந்தது. வீடிழந்தவருக்கும் ஊரிழந்தவருக்கும் அது பொருந்தும், அங்கே வாழ்வே குலைந்து போயிருக்கும். என் மருமகனுக்கு வாழ்வு குலையவில்லை, முழங்கால்தான் குலைந்தது. தமிழகத்தில் சொல்லும் ‘மறுவாழ்வு’ம் இதே இடத்தில்தான் பிசகுகிறது. மறுநாள் வேறொரு நாள், மறுகரை வேறொரு கரை. ‘மறு’ இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. ‘மீள்’ பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. இந்த வித்தியாசத்தைக் கிழக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வாகரைச் சனம் 2007இல் தங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது அதை ‘மீள்குடியேற்றம்’ என்றுதான் சொன்னோம். அடகு வைத்த நகையை ‘மீட்கிறோம்’. வேறு நகை வாங்குவது மீட்பு ஆகாது.

அதனால் நான் சொல்லும் சொல் ‘தகைமை மீட்பு’. உடல் முழுவதையும் சேர்த்துச் சொல்ல ‘உடற்றகைமை மீட்பு’. உடற்றகைமை நான் புதிதாகச் செய்த சொல் அல்ல, இலங்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஃபிட்னஸ் என்பதற்குப் படிக்கும் சொல். ‘தகு’ என்ற வேரிலிருந்து தகவு, தகுதி, தகைமை என்று வரிசையாக வரும். குறளில் ‘தாளாண்மை என்னும் தகைமை’ என்று வருகிறது. தாள் என்றால் கால், முயற்சியும் தாள்தான். முழங்காலைப் பற்றி எழுதும்போது இந்தச் சேர்க்கை தானாக வந்து அமைந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

தகைமைக்கு நம் நாட்டில் இன்னொரு புழக்கமும் உண்டு. வேலை விளம்பரங்களில் ‘கல்வித் தகைமை’ என்று போடுவார்கள். இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று சொல்லி அந்த வேலையைக் கேட்க முடியாது, தகைமையைக் காட்டவேண்டும். முழங்காலிலும் அப்படித்தான். தையல் ஆறியதும் ‘காயம் மாறிட்டு’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பொருத்திய நார் முதல் சில மாதங்களில் உள்ளே தன்னை மாற்றிக்கொண்டிருக்கும், அந்தக் காலத்தில் அது பலவீனமாகவே இருக்கும். வலியும் வீக்கமும் போனதும் இளம் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு ஓடுவது இந்த நேரத்தில்தான். நோர்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுபடி காயப்படும் வீதம் 51% குறைந்தது. மாதக்கணக்கு மட்டும் போதாது என்பதும் அதே ஆய்வில் உண்டு. தொடையின் முன்தசை இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே பலத்துக்கு வந்தவர்களுக்கும் ஆபத்துக் குறைந்தது.

அந்தத் தசையை மீட்பது எப்படித் தொடங்குகிறது என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, “இத கீழ அமத்துங்க தம்பி” என்றார் பிசியோ. மருமகன் பல்லைக் கடித்தான். தொடை அசையவே இல்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ தடவைதான், தோலுக்கு அடியில் மீன் துள்ளியதுபோல் ஒரு சிறு துடிப்புத் தெரிந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். முழங்காலை முழுதாக நீட்டுவதும் வீக்கத்தை வற்றச் செய்வதும் முதல் வேலை. பிறகு ஓடாத சைக்கிள், அதற்குப் பிறகு ஒற்றைக்காலில் எழும்பி உட்காருவது. நேராக ஓட மூன்று நான்கு மாதமாவது ஆகும். கிறுகி ஓடுவது கடைசியில். இதற்கிடையில் நெஞ்சின் தாங்குதிறனும் இறங்கிவிடும். அதனால் முதல் வாரங்களிலேயே கைக்கும் நல்ல காலுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ‘உடற்றகைமை’ என்று முழுச்சொல்லையும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையில் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் காணும் முயற்சியில் முன்னின்றவர். அவர் பிறந்த மண்ணில் நோயாளியைப் பயமுறுத்தும் சொல் ஒரு துண்டில் வரக்கூடாது என்று நினைக்கிறேன். அடுத்த கிளினிக்கில் அதைச் சொன்னேன். பிசியோ சிரித்துவிட்டு, மருமகனின் கொப்பியில் தன் கையாலேயே ‘தகைமை மீட்பு’ என்று எழுதினார்.

இப்போது ஏழாவது மாதம். போன ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சோக்குக் கோடு போட்டு ஒற்றைக்காலில் பாய்ந்து பார்த்தோம். நல்ல காலில் 150 சென்ரிமீற்றர், சத்திரசிகிச்சை செய்த காலில் 122. கொப்பியில் 81% என்று அவனே எழுதினான். மைதானத்துக்கு 90% ஆவது வேண்டும்.

“மறுகா எப்ப மனே பந்தடிப்பாய்?” என்று குசினி வாசலில் நின்று அக்கா கேட்டார்.

“இன்னும் தகைமை வரல்லம்மா” என்றான்.