தட்டல் எந்தப் பக்கம் சாய்கிறது?

ஒரு சமூகத்தின் வாழ்க்கை அதன் பாட்டில் தெரியும் என்பது பழைய பேச்சு. பாடல் வரிகளை வைத்து அதைச் சொல்லிவிடலாம். சொல்லே இல்லாத வெறும் தட்டலிலும் தெரியுமா? தெரிகிறது.

சோதனை இப்படி நடக்கும். ஹெட்போனில் 'டக் டக் டக்' என்று ஒரு தட்டல் திரும்பத் திரும்ப வரும். அதிலுள்ள மூன்று இடைவெளிகளின் நீளத்தைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்வதால் அது எந்தத் தாளத்திலும் அடங்காது. கேட்பவர் கூடவே தட்ட வேண்டும். அச்சு அசலாக யாராலும் தட்ட முடியாது, கை கொஞ்சம் பிசகும். பிசகிய அந்தத் தட்டலையே கணினி அடுத்த சுற்றில் அவருக்குப் போடும். ஐந்து சுற்றுக்குள் தட்டல் மெல்லச் சாய்ந்து, அவர் மனத்தில் ஏற்கெனவே ஊறிப்போன ஒரு தாளத்தின் பக்கம் போய்விடும். கெட்டிக்கார ஏற்பாடுதான்: பிழையே இங்கே தகவல்.

2024-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை 15 நாடுகளில் 39 குழுக்களிடம் செய்து பார்த்தது. எல்லாக் குழுக்களின் தட்டலும் 1:1:2 (மூன்றாவது இடைவெளி மற்ற ஒவ்வொன்றையும் போல் இரு மடங்கு) போன்ற சிறிய முழு எண் விகிதங்களை நோக்கித்தான் சாய்ந்தது. ஆனால் எந்த விகிதம் என்பது குழுவுக்குக் குழு மாறியது. துருக்கி, பல்கேரியா, மாலி, போட்ஸ்வானா ஆகிய நாடுகளில் மரபு இசையோடு புழங்குபவர்கள், மற்ற இடங்களில் அரிதான தாளங்களுக்குப் போனார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருந்த கல்லூரி மாணவர்களோ பெரும்பாலும் அமெரிக்கர்களைப் போலவே தட்டினார்கள். ஆக, விஷயம் நாட்டிலோ ரத்தத்திலோ இல்லை. யாரோடு சேர்ந்து எதைக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

இந்தப் பழக்கம் எப்போது படிகிறது? 2005-இல் ஹேனன், ட்ரெஹப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வுகளில், வட அமெரிக்காவின் 6 மாதக் குழந்தைகள் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் வழங்கும், இடைவெளிகள் சமமாக இல்லாத தாளம் தப்பினாலும் கண்டுகொண்டன. 12 மாதத்தில் அந்தத் திறன் மங்கிவிட்டது. கொஞ்ச நாள் அந்த இசையைக் கேட்க வைத்ததும் குழந்தைகளுக்கு அது திரும்பியது. பெரியவர்களுக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

சரி, சுரம்? பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைச் சேர்த்துப் பாடுவதில்லை. ஒன்றோடொன்று இசையும் சுரக்கூட்டும் இசையாததும் அவர்களுக்கு ஒரே அளவு இனிமையாக இருந்ததாக 2016-இல் மெக்டெர்மட் என்பவரின் ஆய்வுக் குழு கண்டது. இரண்டு சுரங்கள் மிக நெருங்கி ஒலிக்கும்போது ஒலி படபடவென்று ஏறி இறங்கும் கரகரப்பு மட்டும் அவர்களுக்கும் பிடிக்கவில்லை. அந்த அளவுக்குக் காதின் உடற்கூறு பொது. 'இசைவு இனிமை' என்பது அதற்கு மேல் பழகிக்கொண்டது.